கடற்பாசியைத் திறக்கும் பாக்டீரியா: வேலூரில் இருந்தபடியே செய்யும் முறை

ரம்ஜான் மாதத்தில் வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் போனால் மளிகைக் கடைகளில் வெள்ளையாக, காய்ந்த நார் மாதிரி, கட்டுக்கட்டாகக் கடல்பாசி வைத்திருப்பார்கள். பாலில் காய்ச்சி, சர்க்கரை போட்டு, தட்டில் ஊற்றி ஆறவைத்துத் துண்டு போட்டு நோன்பு திறக்க வைப்பார்களே, அதுதான். கடையில் கடல்பாசி என்று சொன்னாலும் அது முழுப் பாசி கிடையாது, சிவப்புக் கடற்பாசியின் செல்சுவரிலிருந்து பிரித்தெடுத்த அகார். அதை வழக்கமாகக் காரத்திலும் கொதிநீரிலும் வேகவைத்துத்தான் எடுக்கிறார்கள். அந்த வேலையில் ஒரு நல்ல பங்கை பாக்டீரியா சுரக்கும் என்சைம், அதாவது நொதி, 40 டிகிரி சூட்டிலேயே செய்துவிடும். அகார் மட்டுமில்லை, பாசிக்குள் இருக்கும் நிறமி, புரதம், சின்னச் சின்ன சர்க்கரைத் துண்டுகள் எல்லாவற்றையும் இந்த வழியில் எடுக்கலாம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம் என்று யோசிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சாதாரண மைக்ரோபயாலஜி லேப் இருந்தால் போதும், கடற்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வீட்டுச் சமையலறையில் மட்டும் செய்யாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். பாசியில் பாக்டீரியாவை விட்டால் பாசி கரையும், கரைந்ததிலிருந்து அகார் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அகாரைத் தின்னும் பாக்டீரியாவைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அது அகாரைத் தின்றுவிடும், அப்புறம் எடுக்க என்ன இருக்கும்? உங்களுக்கு வேண்டிய பொருளை விட்டுவிட்டு, அதை அடைத்து வைத்திருக்கும் சுவரை மட்டும் உடைக்கும் என்சைம்தான் உங்களுக்கு வேண்டும்.

அகார் வேண்டுமா, செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் பாக்டீரியாவைத் தேடுங்கள். சுவரின் செல்லுலோஸ் நார் தளர்ந்தால் அகார் கொதிநீரில் எளிதாக வெளியே வரும். அகாரைத் துண்டாக்கிய ஒலிகோசாக்கரைடு, அதாவது சில சர்க்கரைகள் மட்டும் கோத்த சின்னத் துண்டு வேண்டுமா, அப்போதுதான் அகாரை வெட்டும் அகாரேஸ். அகாரேஸிலும் இரண்டு வகை. பீட்டா அகாரேஸ் சங்கிலியை ஓரிடத்தில் வெட்டி நியோஅகாரோ ஒலிகோசாக்கரைடு தரும், ஆல்ஃபா அகாரேஸ் வேறிடத்தில் வெட்டி அகாரோ ஒலிகோசாக்கரைடு தரும், இரண்டும் வேறு வேறு பொருட்கள். சிவப்புப் பாசியின் ஃபைகோஎரித்ரின் என்ற ரோஜா நிறமி வேண்டுமென்றால் அகாரேஸும் செல்லுலேஸும் சேர்ந்து சுவரை உடைக்கலாம், அகார் போனால் போகட்டும். பழுப்புப் பாசியில் ஆல்ஜினேட் என்ற கொழகொழப்பான சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, அதை வெட்ட ஆல்ஜினேட் லையேஸ். கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியில் அகார் மாதிரியே உறையும் கேராஜீனன், அதற்குக் கேராஜீனேஸ். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, நடுவில் 'எனக்கு வேண்டியது' என்று ஒன்றே ஒன்றை வட்டம் போட்டு லேப் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயம் சொல்லாமலே புரிய வேண்டும். என் அப்பா மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடி நீக்கிய பிறகு பேட்டிங் என்று, தோலை இளக்கி மென்மையாக்கும் ஒரு கட்டம் வரும். அந்தக் காலத்தில் அதற்குப் பறவை எச்சமும் நாய் மலமும் போட்டார்கள். அதில் வேலை செய்ததும் என்சைம்தான் என்று புரிந்துகொண்டு, கணையத்திலிருந்து எடுத்த என்சைமை 1900களின் தொடக்கத்தில் தோலுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஓட்டோ ரோம். பேட்டிங் முடிந்ததா என்று பார்க்க அப்பா ஈரத்தோலைக் கட்டைவிரலால் அழுத்துவார். ரேகைப் பதிவு அப்படியே நின்றால் உடனே நிறுத்தச் சொல்வார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தோல் தொளதொளவென்று ஆகிவிடும், அந்தச் சரக்கு வீண். எதை உடைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், இந்த இரண்டும்தான் பாசிக்கும் பாடம்.

பாசி எங்கே கிடைக்கும்

தமிழ்நாட்டில் பாசி என்றால் ராமநாதபுரம் மாவட்டக் கரைதான், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். அங்கே பெண்கள் முழங்கால் தண்ணீரிலும் பாறை இடுக்கிலும் இறங்கிப் பாசி எடுத்துக் காயவைத்து விற்கிறார்கள். ஜெலிடியெல்லாவை மரிக்கொழுந்துப் பாசி என்பார்கள், கிராசிலேரியாவைக் கஞ்சிப்பாசி என்பார்கள், சர்காசம் கட்டக்கோரை, டர்பினேரியா பக்கோடாப் பாசி. போனில் பேசும்போது லத்தீன் பெயரை விட்டு இந்தப் பெயர்களைச் சொன்னால் சரியான சரக்கு வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே போய் நீங்களாகப் பறிக்கக் கூடாது. காயவைத்து விற்பவர்களிடம் காசு கொடுத்து வாங்குங்கள்.

இரண்டு விதமான பாசி வேண்டும். என்சைமை வேலை செய்யவிடக் காய்ந்த பாசி, அது ஒரு கிலோ இருந்தால் வருடம் முழுக்க வரும். பாக்டீரியாவைப் பிடிக்க ஈரப் பாசி. ஈரப் பாசிக்கு ராமேஸ்வரம் வரை போக வேண்டாம், கோவளம் அல்லது மாமல்லபுரம் பாறைகளுக்கு ஒரு நாளில் போய்விட்டு வந்துவிடலாம். நல்ல பளபளப்பான பாசியைத் தேடாதீர்கள். கரை ஒதுங்கி, அழுகி, நிறம் வெளுத்து, விரலில் எடுத்தால் கொழகொழவென்று நழுவும் பாசியை எடுங்கள். அதை அழுக வைத்ததே உங்களுக்கு வேண்டிய பாக்டீரியா. கழுவாமல், கொஞ்சம் கடல்நீரோடு புதுப் பாலிதீன் பையில் கட்டி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ஐஸுக்கும் பைக்கும் நடுவில் செய்தித்தாள் மடித்து வைத்துக் கொண்டுவாருங்கள். 24 மணி நேரத்துக்குள் பிளேட்டில் போட்டுவிட வேண்டும்.

தண்ணீரும் வெயிலும்

வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று தண்ணீர். போர் தண்ணீர் நம் பக்கம் கடினமான தண்ணீர், டேனரிகள் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உப்பு இன்னும் அதிகம். ஆல்ஜினேட் கால்சியத்தைக் கண்டால் உடனே கட்டியாகிவிடும். முதல் வருடம் ஒரு மாணவி கட்டக்கோரைத் தூளை போர் தண்ணீரில் கரைத்துவிட்டு, "மேடம், கஞ்சி மாதிரி வரும்னீங்க, ஜவ்வரிசி மாதிரி வந்திருக்கு" என்று பீக்கரைக் கொண்டுவந்து காட்டினாள். அத்தனையும் கால்சியம் ஆல்ஜினேட் உருண்டைகள். எல்லாவற்றுக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான், கண்ணாடியைக் கடைசியாக அலசுவதற்கும் கூட.

இரண்டாவது வெயில். கடல் பாக்டீரியாவுக்கு 28 டிகிரி இதமானது. சாதாரண இன்குபேட்டரால் சூடேற்ற மட்டுமே முடியும், குளிரவைக்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் லேபே 38 டிகிரியில் இருக்கும்போது இன்குபேட்டரை 28ல் வைத்து என்ன பயன், உள்ளேயும் 38தான், பாதி பாக்டீரியா முளைக்காது. குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் பிரித்தெடுக்கும் வேலையைக் கார்த்திகையில் தொடங்கித் தை மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், அப்போது மேசை மேலேயே வளரும்.

பிளேட்டில் பள்ளம் பார்ப்பது

முதலில் பாக்டீரியா வளர மீடியம், அதாவது அதற்கான சாப்பாட்டுக் கலவை. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் சோடியம் குளோரைடு 24 கிராம், மெக்னீசியம் குளோரைடு 5, மெக்னீசியம் சல்ஃபேட் 6, பொட்டாசியம் குளோரைடு 0.7, கால்சியம் குளோரைடு 1 கிராம். இது கடல்நீருக்கு ஓரளவு நெருங்கி வரும். இதில் பெப்டோன் 1 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் அரை கிராம், அவ்வளவுதான், அதற்கு மேல் சாப்பாடு போடாதீர்கள். அகார் 15 கிராம். ஃபாஸ்ஃபேட் சேர்ப்பதானால் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, ஆறிய பிறகு கலக்குங்கள், சேர்த்தே வேகவைத்தால் கலங்கி அடியில் படியும். ஜோபெல் மரைன் அகார் பொடியாகவே கடையில் கிடைக்கிறது, ஆனால் அதில் பெப்டோன் அதிகம், பாக்டீரியா அதைத் தின்றுகொண்டு அகாரைத் தொடாமல் சோம்பலாக இருந்துவிடும். பட்டினி போட்டால்தான் வேலை செய்யும்.

குளுக்கோஸ் மட்டும் போடவே போடாதீர்கள். குளுக்கோஸ் இருக்கும் வரை பெரும்பாலான பாக்டீரியா கஷ்டமான சாப்பாட்டுக்கான என்சைமைச் செய்யாது. பிளாஸ்க் நிறைய மோர் மாதிரி வளர்ந்திருக்கும், என்சைம் பூஜ்ஜியமாக இருக்கும்.

அழுகிய பாசி ஒரு கிராம் எடுத்து, ஆட்டோகிளேவ் செய்த உப்புநீர் 9 மில்லியில் உரலில் அரைத்து, பத்துப் பத்து மடங்காக நான்கைந்து முறை நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலிருந்தும் 0.1 மில்லியைப் பிளேட்டில் பரப்பி வையுங்கள். இரண்டாம் நாளில் சாதாரணக் காலனிகள் வரும். அவசரப்பட வேண்டாம். நான்காவது, ஐந்தாவது நாள் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில காலனிகள் மேலே முளைக்காமல் அகாருக்குள் குழி தோண்டி உட்கார்ந்திருக்கும், சாணித் தரையில் மழைத்துளி விழுந்த மாதிரி. சில நேரம் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தக் குழியைப் பார்க்கும்போது எனக்கு மனசு துள்ளும், ஏனென்றால் பெரும்பாலான பாக்டீரியாவால் அகாரைத் தொட முடியாது. அதனால்தான் ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மா, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகாரை லேபில் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னார், 1882ல் ராபர்ட் கோக் அதைப் பற்றி எழுதினார், இன்று உலகத்தில் எல்லா லேபும் அதில்தான் ஓடுகிறது. அதையே தின்னும் பாக்டீரியாவை 1902ல் நார்வே கடலோரத்தில் கிரான் என்பவர் பிரித்தெடுத்தார்.

எல்லா அகாரேஸ் பாக்டீரியாவும் குழி தோண்டாது. சந்தேகமுள்ளவற்றுக்கு லுகால் அயோடின் ஊற்றுங்கள். அகார் கருஞ்சிவப்பாக நிறம் ஏறும், என்சைம் வேலை செய்த இடம் மட்டும் வெளிறி வட்டமாகத் தெரியும். ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு காலனியையும் இன்னொரு பிளேட்டில் தொட்டு வைத்துவிடுங்கள், தயவுசெய்து. அயோடின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். எங்கள் லேபில் ஒரு தடவை ஆறு வாரம் தேடிக் கிடைத்த ஒரே நல்ல காலனி மேல் நகல் எடுக்காமல் அயோடின் ஊற்றிவிட்டோம். அழகான வட்டம் தெரிந்தது, போட்டோ எடுத்தோம், அப்புறம் அந்த பாக்டீரியா எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

செல்லுலேஸ் பார்ப்பதானால் மீடியத்தில் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 1 சதவீதம் சேர்த்து வளர்த்து, காங்கோ ரெட் 0.1 சதவீதம் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்து, பிறகு ஒரு மோலார் உப்புக் கரைசலால் அலசினால் சிவப்புப் பின்னணியில் மஞ்சள் வட்டம் வரும். ஆல்ஜினேட்டுக்கு மீடியத்தில் சோடியம் ஆல்ஜினேட் அரை சதவீதம், கால்சியம் குளோரைடை மிகக் குறைத்து. வளர்ந்த பிறகு 10 சதவீத செட்டைல்பிரிடினியம் குளோரைடு ஊற்றினால் பிளேட் முழுக்க வெள்ளையாகப் படியும், லையேஸ் இருக்கும் இடம் மட்டும் தெளிவாக நிற்கும். அகாருக்குள் குழி தோண்டும் காலனியை ஆல்ஜினேட் லையேஸ் என்று தப்பாக எண்ணிவிடாதீர்கள், அகார் மட்டும் உள்ள பிளேட்டிலும் அதைப் போட்டுப் பாருங்கள்.

கிடைத்ததை மூன்று முறையாவது கோடு இழுத்துத் தனிக் காலனியாக்குங்கள். கடல் பாக்டீரியாக்கள் கூட்டாளி இல்லாமல் வாழப் பிடிக்காதவை, ஒரு காலனி என்று நினைத்தது இரண்டாக இருக்கும்.

என்சைமை எடுப்பது

அதே உப்புநீரில், அகாருக்குப் பதில் பாசித் தூள் 1 சதவீதம் போட்டு, 250 மில்லி கோனிக்கல் பிளாஸ்கில் 50 மில்லி மட்டும் ஊற்றி, ஷேக்கரில் நிமிடத்துக்கு 120 சுற்று வேகத்தில் விடுங்கள். நிறைய ஊற்றினால் காற்று போதாது. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 மில்லி எடுத்து என்சைம் அளவு பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் ஏறி, அப்புறம் இறங்கும். இறங்கத் தொடங்குவதற்கு முன்னால் அறுவடை செய்யுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு பாக்டீரியாவின் புரோட்டியேஸே, அதாவது புரதத்தை உடைக்கும் என்சைமே, உங்கள் என்சைமைத் தின்னத் தொடங்கும். 4 டிகிரியில், 10,000 சுற்றில், 15 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்து அடியில் உள்ள செல்லை விட்டுவிட்டு மேலே உள்ள தெளிவு நீரை எடுங்கள். அதை 0.22 மைக்ரான் ஃபில்டரில் விட்டால் பாக்டீரியா இல்லாத என்சைம் கிடைக்கும். இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். பாக்டீரியாவோடு சேர்த்துப் பாசியில் விட்டால் அது உண்டாக்கிய சர்க்கரையை அதுவே குடித்துவிடும், உங்களுக்கு மிஞ்சுவது நாற்றம்தான்.

செறிவு வேண்டுமானால் அம்மோனியம் சல்ஃபேட்டை ஐஸில் வைத்து, சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு 80 சதவீதம் வரை கொண்டுபோய், படிந்ததை எடுத்து, உப்பு போக டயாலிசிஸ் செய்யலாம். முதல் சுற்றில் அது தேவையில்லை.

என்சைம் அளவு பார்க்க, வெட்டுப்பட்டு வரும் சர்க்கரையை நிறத்தால் அளக்கும் டிஎன்எஸ் முறை போதும். அரை மில்லி என்சைம், அரை மில்லி 0.2 சதவீத அகார் கரைசல். அகாரைக் கொதிக்கவைத்து 40 டிகிரிக்கு ஆறிய பிறகுதான் என்சைம் சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து டிஎன்எஸ் ஒரு மில்லி ஊற்றி, கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, ஆறவைத்து 540 நேனோமீட்டரில் அளவிடுங்கள். பக்கத்தில் கட்டாயம் ஒரு ட்யூப், வேகவைத்துக் கொன்ற என்சைமோடு. அது இல்லாமல் கொண்டுவரும் கணக்கை நான் வாங்கிப் பார்ப்பதே இல்லை. ஆல்ஜினேட் லையேஸானால் 235 நேனோமீட்டரில் ஏற்றத்தைப் பார்க்கலாம். கருவி கிடைக்காத நாளில் இன்னொரு வழி: ஆல்ஜினேட் கரைசலை 10 மில்லி பிப்பெட்டில் இழுத்து, விரலை எடுத்து, இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். என்சைம் சேர்த்த பிறகு அதே கரைசல் தண்ணீர் மாதிரி சரசரவென்று இறங்கும்.

பாசியைத் திறப்பது

காய்ந்த பாசியை மணலும் சிப்பியும் உப்பும் போக நான்கைந்து தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மிக்ஸியில் தூளாக்கி சலியுங்கள். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவு வேகம். 100 மில்லி பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) 3 கிராம் தூள், பிஎச் 7, இரவு ஊறட்டும். மறுநாள் என்சைம் 10 மில்லி சேர்த்து 40 டிகிரியில் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள். உங்கள் என்சைமுக்கு எந்தச் சூடு, எந்த பிஎச் பிடிக்கும் என்று முன்பே சோதித்திருந்தால் அதை வையுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதுதான் நம் கட்டைவிரல் ரேகை. ஒலிகோசாக்கரைடு எடுப்பவர்கள் டிஎல்சி போடுங்கள், துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய படலக் குரோமட்டோகிராஃபி அது. பியூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர் 2:1:1 விகிதம், ஓடி முடித்ததும் 10 சதவீத சல்ஃப்யூரிக் அமிலம் கலந்த எத்தனால் தெளித்து 110 டிகிரியில் சுட்டால் புள்ளிகள் தெரியும். முதலில் அடியில் ஒரே இழுப்பாக இருக்கும், அப்புறம் தனித்தனிப் புள்ளிகள், இன்னும் விட்டால் எல்லாம் மேலே உள்ள ஒன்றிரண்டு சின்னச் சர்க்கரையாகச் சுருங்கிவிடும். உங்களுக்கு வேண்டிய அளவுத் துண்டு தெரிந்தவுடன் பிளாஸ்கைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து என்சைமைக் கொல்லுங்கள். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மூன்று பங்கு எத்தனால் ஊற்றினால் பெரிய சங்கிலிகள் பஞ்சாகப் படியும், சின்னத் துண்டுகள் மேலே கரைசலில் நிற்கும்.

நிறமி எடுப்பவர்கள் கொதிநீர்ப் பக்கமே போகக் கூடாது. ஃபைகோஎரித்ரின் ஒரு புரதம், சூடு ஏறினால் நிறம் போய்விடும். அறை வெப்பத்துக்குக் கீழேயே, பிளாஸ்கைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றி, நேரம் கூட ஆனாலும் பரவாயில்லை என்று செய்யுங்கள். சரியாக வந்தால் தெளிவு நீர் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும், ஒரு பக்கம் வெளிச்சம் அடித்தால் ஆரஞ்சாக ஒளிரும்.

அகார் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செல்லுலேஸ் சுவரைத் தளர்த்தும், ஆனால் கஞ்சிப்பாசி அகாரில் உள்ள சல்ஃபேட்டை அது எடுக்காது. காரத்தில் வேகவைக்கும்போது அந்த சல்ஃபேட் கழன்று, சங்கிலி இறுகும் வடிவத்துக்கு மாறுகிறது, அதனால்தான் காரம் போட்ட அகார் கெட்டியாக உறைகிறது. என்சைம் மட்டும் போட்டால் உறைவு இளக்கமாக இருக்கும். கெட்டி அகார் வேண்டுமென்றால் சல்ஃபேட்டேஸ் சுரக்கும் பாக்டீரியாவையும் தேட வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் காரம் போட்டே ஆக வேண்டும்.

வீட்டில் ஏன் கூடாது, கல்ச்சரை எப்படி வைப்பது

அகாரைத் தின்னும் கடல் பாக்டீரியாக்களில் விப்ரியோ இனங்களும் உண்டு. காலரா பாக்டீரியாவும் விப்ரியோதான், கடலுணவால் வயிற்றுப்போக்கு வரவைக்கும் விப்ரியோவும் இருக்கிறது. உங்கள் குழிக் காலனி யார் என்று 16எஸ் சீக்வென்ஸ், அதாவது இனத்தை அடையாளம் காட்டும் மரபணு வரிசை, பார்க்கும் வரை அதைச் சந்தேகப்படுங்கள். கையுறை, லேமினார் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப்பெட்டி), வேலை முடிந்ததும் எல்லாப் பிளேட்டும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவுக்குள். இந்த முறையில் எடுத்த எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தாலும்.

வடிகட்டிய சக்கையை, என்சைம் கொன்ற பிறகு, உப்புப் போக அலசித் தொட்டிச் செடிக்குப் போடலாம். உப்போடு போட்டால் செடி கருகும்.

நல்ல கல்ச்சர் கிடைத்த அன்றைக்கே 20 சதவீத கிளிசராலில் ஐந்து குப்பிகளாவது செய்து மைனஸ் 80ல் வையுங்கள். ஆழ்குளிர்ப் பெட்டி இல்லாத கல்லூரியானால் உப்பு அகார் ஸ்லான்டில் (சாய்த்து உறையவைத்த அகார் ட்யூப்) மாதம் ஒரு முறை மாற்றிக்கொண்டே வாருங்கள், அகாரைத் தின்னும் பாக்டீரியா ஸ்லான்டையே தின்று அடியில் தண்ணீராக நிற்கும், பயப்பட வேண்டாம், அந்தத் தண்ணீரிலிருந்தே லூப்பில் எடுத்துப் புதிதில் போடலாம். குப்பி மேல் பாசியின் பெயர், எடுத்த கரை, தேதி, மூன்றையும் பென்சிலில் எழுதி, ஒரு குப்பியைத் தெரிந்த வேறு லேபில் கொடுத்து வையுங்கள். கோடையில் கரண்ட் போனால் எங்கள் ஃப்ரீசர் ஆறு மணி நேரம்தான் தாங்குகிறது.